பதினொன்று நாற்பத்திரண்டு

இரண்டு நாளாகச் சுகிர்தா என்னோடு கதைக்கவில்லை.
சோறு வருகிறது, சொதி வருகிறது,
சொல் மட்டும் வருவதில்லை.

மகளின் ஒப்படைக்குப் படம் தேட உட்கார்ந்தவளுக்கு
திரையின் மூலையில் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாளாம்:
‘திருகோணமலையில், உங்களுக்கு மிக அருகே,
தனிமையில் வாடும் பெண்கள்.’
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துப் பிழையில்லை, சனியன்.
டைக் வீதியில் எங்களுக்கு மிக அருகே தனிமையில் வாடுவது
ஓய்வுபெற்ற நில அளவையாளர் குணநாயகம் ஒருவர்தான்.
சொல்லிப் பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

இன்று எனக்கு வேலை இல்லை.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டி முன் இருந்தேன்.
மெலிவதற்கு ஒரு தூள்.
சுற்றச் சொல்லும் ஒரு பரிசுச் சக்கரம்.
‘உங்கள் கணினியில் 1,312 கிருமிகள்’ என்று
கிருமியே எண்ணிச் சொன்னது.
மூட அமத்தினால் இரண்டாய்த் திறந்தது.
மூடும் அந்தப் பெருக்கற் குறியும்
குறியல்ல, குறி மாதிரி ஒரு படம்.

ஜமாலியாவிலிருந்து நஸ்லிம் போனில் சொன்னான்:
“முதல்ல நெட் வயரக் கழட்டுங்க அண்ணன்,
இல்லாட்டி போனதெல்லாம் திரும்பி வரும்.
பிறகு வந்த திகதிப்படி அடுக்குங்க.
ஒண்டா வந்தது ஒரே கூட்டம்.”

அடுக்கினேன்.
ஐந்து பெயர்கள், ஒரே நாள். கோப்பைக் கிண்டினால் ஒரே நிமிடம்:
ஒக்டோபர் ஒன்பது, இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.

அந்த இரவு நான் சீனக்குடாவில்,
மா ஆலையில், புருவம் வரை வெள்ளையாக.
பத்து மணிக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
நானில்லை!
கதிரையிலிருந்து பாதி எழும்பி
“சுகிர்தா” என்று கூப்பிட வாயும் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் ஐந்தாவது பெயரை வாசித்தேன்.
பாமினி எழுத்தை யுனிகோடாக மாற்றும்
சின்னச் செயலி. இலவசம்.
மற்ற நாலும் அதன் முதுகில் ஏறி வந்தவை.
அடுத்து, அடுத்து, ஒத்துக்கொள்கிறேன் என்று
நித்திரைக் கண்ணோடு அமத்தியிருப்பாள்.

இந்த வீட்டில் பாமினி தெரிந்தவள் ஒருத்திதான்.
கலியாணத்துக்கு முன் மூன்று வருடம் அச்சகத்தில்
ஊராரின் கலியாணங்களையும் சாவுகளையும்
பிழை திருத்தித் தட்டியவள்.

பக்கத்தில் ஒரு கோப்பு, அதே இரவு மாற்றியது.
பெயர் ‘மழை 3’. அறுபத்தொரு பக்கம்.
ஒன்றும் இரண்டும் எங்கே?
அம்புக்குறி அதன்மேல் நின்றது.
வெளியே படலைக்குள் தலை நீட்டி
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
நேற்றைய பேப்பரை நிதானமாகத் தின்றது.
நான் திறக்கவில்லை.
நல்லவன் என்பதால் அல்ல. பயம்.

நாலையும் அகற்றினேன்.
‘உறுதியாகவா?’ என்றது ஒன்று.
அழுகிற முகம் ஒன்றைப் போட்டு
‘ஏன் பிரிகிறீர்கள், காரணம் சொல்லுங்கள்’ என்றது இன்னொன்று.
பெயர் மாற்றி ஒளிந்திருந்த குட்டிகளைத் தேடிப் பிடித்தேன்.
பிரவுசரின் வாசலில் மாட்டியிருந்த அந்நியப் பலகையைக் கழற்றினேன்.
அணைத்துப் போட்டேன். வயரைச் செருகினேன்.
மூலை வெறுமையாக இருந்தது.
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு
மார்பிள் பீச் படம் முழுதாகத் தெரிந்தது,
மகளின் செருப்பு ஒற்றையோடு.

ஐந்தாவதை மட்டும் விட்டுவைத்தேன்.

“போயிட்டுதா?”
பின்னால் அவள். கையில் தேத்தண்ணி.
“போயிட்டுது.”
“ஆர் ஏத்தினது?”

“நான்தான். எங்கயோ பாக்காமல் அமத்திப்போட்டன்.”

திரையைப் பார்த்தாள்.
பட்டியல் இன்னும் திறந்திருந்தது,
அதில் ஐந்தாவது பெயரும்.
கோப்பையை வைத்தாள்,
தளும்பிய துளியை விரலால் துடைத்தாள்.

“இனியாவது வாசிச்சுப்போட்டு அமத்துங்கோ.”

வாசிக்கலாமோ என்று கேட்க வாய் வந்தது.
“ஓம்” என்று மட்டும் சொன்னேன்.